கொல்லைக் கல்லை அறிவதும் மெருகேற்றுவதும்

மழை விட்டதும் கொல்லைப் பக்கம் போய்ப் பார்த்தால் சாதாரணக் கல்லுக்குக்கூட ஒரு நிறம் வந்திருக்கும். வெயில் ஏறிக் காய்ந்ததும் அது மங்கிவிடும். ஆனால் கடையில் தட்டில் கொட்டி விற்கிற வழவழப்பான கற்கள் காய்ந்த நிலையிலும் நனைந்தவை போலவே மினுங்கும். "எண்ணெய் பூசியிருப்பார்கள்", "வார்னிஷ் அடித்திருப்பார்கள்" என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கல்லை இனங்காண்பதிலும் இதே குழப்பம் உண்டு. மினுங்கினால் வைரம், கறுத்துக் கனத்தால் விண்கல், பச்சையாக இருந்தால் மரகதம் என்று செல்போனில் படங்கள் சுற்றுகின்றன.

கல் எது என்று கண்டுபிடிக்கவும், அது மெருகேறுமா என்று தெரிந்துகொள்ளவும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். அந்தக் கல்லில் இருக்கும் பொருள் எவ்வளவு கடினமானது, அந்தக் கடினம் கல் முழுக்க ஒரே சீராக இருக்கிறதா? இது பிடிபட்டால் மற்றது எல்லாம் எளிது. மெருகேற்றும்போது கல்லின் மேல் எதையும் பூசுவதில்லை. தூளோடு உருட்டும் மெஷினிலோ கையாலோ தேய்த்து, கல்லிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறோம், அவ்வளவுதான்.

கொல்லைக்குக் கல் எங்கிருந்து வந்தது

கோவை, கரூர், நாமக்கல், சேலம், தர்மபுரி, மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பெரும் பகுதியில் மண்ணுக்கு அடியில் மிகப் பழைய பாறை இருக்கிறது. பல இடங்களில் சில அடி தோண்டினாலே தட்டுப்படும். அது சிதைந்து உதிர்ந்த துண்டுகள்தான் கொல்லையில் கிடக்கும் கற்களில் பாதி. கிணறு வெட்டியபோது வெளியே கொட்டிய குவியல் இன்னும் இருந்தால், அதுதான் உங்கள் ஊர்ப் பாறையின் நல்ல மாதிரி. காவிரி டெல்டாவில் கதை வேறு. அங்கே ஆறு கொண்டுவந்த வண்டல் ஆழமாகப் படிந்திருப்பதால் சொந்த மண்ணில் கல் கிடைப்பது அரிது.

மீதிப் பாதி வெளியிலிருந்து வந்தது. லாரியில் வந்த கிராவல், கட்டுமானத்துக்கு இறக்கிய ஜல்லி, தரை போட்டபோது மிஞ்சிய மொசைக் சில்லு, உடைந்த கிரானைட் துண்டு எல்லாம் இதில் சேரும். எனக்கு இவற்றில் மிகப் பிடித்தது பழைய வீடுகளின் காம்பவுண்டு ஓரம் கிடக்கும் கூழாங்கல் குவியல். பூச்சு வேலைக்கு ஆற்று மணலைச் சலித்தபோது சல்லடையில் தங்கி, அப்படியே ஒதுக்கிக் கொட்டியது அது. ஆறு பாய்ந்துவந்த வழியெங்கும் உள்ள பாறைகளின் மாதிரி அந்த ஒரு குவியலில் இருக்கும். நொய்யல் மணலாக இருந்தால் கொங்குப் பாறைகள். தாமிரபரணி மணலாக இருந்தால் பொதிகை மலைப் பக்கத்துப் பாறைகள். வலுவில்லாத கற்களை ஆறே உடைத்து மணலாக்கிவிட்டதால், குவியலில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் உறுதியானவை. மெருகேற்றப் பழகுவோருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

பாறை, கனிமம்

இரண்டு சொற்களை மட்டும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். இயற்கையில் உருவாகி, உள்ளே அணுக்கள் ஒரே ஒழுங்கில் அடுக்கப்பட்ட திடப்பொருள் கனிமம். ஒன்று அல்லது பல கனிமங்கள் சேர்ந்து இறுகியது பாறை.

சமையலறை மேடையில் பதித்த கிரானைட்டை உற்றுப் பாருங்கள். கண்ணாடி போலத் தெரியும் சாம்பல் நிற மணிகள் குவார்ட்ஸ். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ தட்டையாகத் தெரிபவை ஃபெல்ட்ஸ்பார். கறுப்பாகச் செதில் போல மின்னுவது காக்காப்பொன், அதாவது மைக்கா. மூன்றும் மூன்று கனிமங்கள். மூன்றுக்கும் மூன்று விதமான கடினம். மெருகேற்றும்போது வரும் சிக்கல்களில் பாதிக்குக் காரணம் இதுதான்.

நிறத்தை நம்ப வேண்டாம்

குவார்ட்ஸ் சுத்தமாக இருந்தால் நிறமற்றது. மிகச் சிறிதளவு இரும்பு கலந்து, இயற்கைக் கதிர்வீச்சும் பட்டால் ஊதாவாகும். அதைத்தான் செவ்வந்திக்கல் என்கிறோம். உள்ளே நுண்ணிய குமிழ்கள் சிக்கினால் பால் வெள்ளை. இரும்புத்துரு படிந்தால் மஞ்சள், பழுப்பு. பொருள் ஒன்றாகவே இருக்க, நிறம் இத்தனை விதமாக மாறுகிறது. அதனால் நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது கடினம். இங்கே கடினம் என்றால் கீறலைத் தாங்கும் திறன். சுத்தியலால் அடித்தால் உடைகிறதா என்பது வேறு விஷயம். வைரத்தை வேறொரு கனிமத்தால் கீற முடியாது, ஆனால் சுத்தியலால் உடைத்துவிடலாம். ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃபிரெட்ரிக் மோஸ் 1812-இல் பத்துக் கனிமங்களை வரிசைப்படுத்தினார். வரிசையில் பின்னால் இருப்பது முன்னால் இருப்பதைக் கீறும். மாக்கல்லின் முக்கியக் கனிமமான டால்க் 1, சுண்ணாம்புக்கல்லின் முக்கியக் கனிமமான கால்சைட் 3, ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7, குருந்தக்கல் 9, வைரம் 10. இது வெறும் வரிசை எண்தான். 9-க்கும் 10-க்கும் உள்ள இடைவெளி மற்ற எல்லா இடைவெளிகளையும் விடப் பல மடங்கு பெரியது.

வீட்டில் இருக்கும் பொருட்களுக்கும் இந்த வரிசையில் இடம் உண்டு. விரல் நகம் சுமார் 2.5. எஃகுக் கத்தியும் கண்ணாடியும் சுமார் 5.5. இவற்றை வைத்தே கொல்லைக் கற்களில் பெரும்பாலானவற்றைப் பிரித்துவிடலாம்.

சோதிக்கும் முறை இப்படி. கல்லைக் கழுவி, புதிதாக உடைந்த முகம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் வெயிலிலும் மழையிலும் சிதைந்த மேற்புறம் தவறான விடை தரும். பழைய கண்ணாடித் துண்டை மேசைமேல் படுக்க வைத்து, கல்லின் கூர்முனையால் அழுத்தி ஒரு கோடு இழுங்கள். கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு இதைச் செய்யக் கூடாது. கோடு விழுந்ததும் ஈர விரலால் துடைத்துப் பாருங்கள். துடைத்தும் போகாவிட்டால்தான் கீறல். போய்விட்டால் கல்தான் பொடியாகியிருக்கிறது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

கண்ணாடியைக் கீறியதால் மட்டும் ஒரு கல் வைரமாகிவிடாது. கொல்லையில் கிடக்கும் எந்தக் குவார்ட்ஸ் துண்டும் கண்ணாடியைக் கீறும்.

இதுவரை பார்த்தது: பாறை என்பது கனிமங்களின் சேர்க்கை, கனிமத்தை அறிய நிறத்தைவிடக் கடினம் நம்பகமானது, அதைச் சோதிக்கக் கத்தியும் கண்ணாடித் துண்டும் போதும்.

நான்கு வெள்ளைக் கற்கள்

சேலத்துக்காரர் ஒருவர் கொல்லையிலிருந்து ஒரு வெள்ளைக் கல்லை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது குவார்ட்ஸாகவோ, ஃபெல்ட்ஸ்பாராகவோ, கால்சைட்டாகவோ, மேக்னசைட்டாகவோ இருக்கலாம். சேலத்தை ஒட்டிய சுண்ணாம்புக் கரடுப் பகுதியில் வெட்டி எடுத்தது இந்த மேக்னசைட்டைத்தான். தூரத்திலிருந்து பார்த்தால் நான்கும் ஒன்று போலவே இருக்கும். கையில் தூக்கிப் பார்த்தாலும் எடையில் பெரிய வேறுபாடு தெரியாது.

முதலில் கத்தியால் கீறுங்கள். கோடு விழுந்தால் அது கால்சைட் அல்லது மேக்னசைட். விழாமல் கத்தியின் உலோகம் கல்மேல் சாம்பல் கோடாக ஒட்டினால் அது குவார்ட்ஸ் அல்லது ஃபெல்ட்ஸ்பார். ஒரே கீறலில் நான்கு இரண்டாகிவிட்டது.

மென்மையான இரண்டையும் வினிகரால் பிரிக்கலாம். கீறிய இடத்துப் பொடியின்மேல் இரண்டு சொட்டு விடுங்கள். நுரைத்துக் குமிழ் விட்டால் கால்சைட். அமிலம் அதைக் கரைக்க, கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. மேக்னசைட்டும் கார்பனேட் வகைதான் என்றாலும், அறை வெப்பத்தில் வினிகருக்கு அநேகமாக அசையாது. அதன் உடைந்த முகமும் மெருகில்லாத பீங்கான் போல மந்தமாக இருக்கும்.

கடினமான இரண்டையும் பிரிக்க, உடைந்த முகத்தைப் பாருங்கள். ஃபெல்ட்ஸ்பாரின் அணு அடுக்கில் வலுவில்லாத தளங்கள் உண்டு. அடித்தால் அந்தத் தளத்தில்தான் பிளக்கும். அப்படித் தட்டையாகப் பிளக்கும் குணத்துக்குப் பிளவு என்று பெயர். வெயிலில் மெல்லத் திருப்பினால் ஒரு முகம் முழுக்கச் சட்டென்று பளிச்சிடும். குவார்ட்ஸுக்கு அப்படிப்பட்ட தளம் இல்லை. உடைந்த பாட்டில் கண்ணாடியில் இருப்பது போல வளைந்து வளைந்த முகங்கள்தான் அதில் இருக்கும். கொங்கு நாட்டில் வெங்கச்சங்கல் என்று சொல்வது இதைத்தான்.

காங்கேயம் பக்கத்தில் கிடைக்கும் சந்திரகாந்தக் கல் ஃபெல்ட்ஸ்பார் வகையைச் சேர்ந்தது. உள்ளே மெல்லிய அடுக்குகளில் ஒளி சிதறுவதால் நிலவொளி போன்ற ஒரு படலம் அதில் மிதப்பது தெரியும். அந்தப் பக்கம் வீடு உள்ளவர்கள் வெள்ளைக் கல்லை எறிவதற்கு முன் ஒருமுறை விளக்கடியில் திருப்பிப் பாருங்கள்.

மற்றவை

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் நீலச் சாயலோடு எண்ணெய் தேய்த்தது போலத் தெரியும் கருஞ்சாம்பல் ஜல்லி பெரும்பாலும் சார்னகைட். பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும் அந்தப் பாறைதான். கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறையில் இருப்பதும் அதே பாறை என்று கண்டு, நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் அந்தப் பாறைக்குச் சார்னக்கின் பெயரையே வைத்தார். நமக்கு அது வெறும் ஜல்லி. உலகெங்கும் நிலவியல் படிப்பவர்களுக்குப் பரங்கிமலை ஒரு முக்கியமான முகவரி.

கறுத்துக் கனத்து, காந்தத்தில் ஒட்டும் கல் கிடைத்தால் உடனே விண்கல் என்று முடிவுகட்ட வேண்டாம். சேலம் கஞ்சமலைப் பக்கம் என்றால் அது மேக்னடைட் என்ற இரும்புத் தாதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உடைத்துப் பார்க்கையில் உள்ளே குமிழ்க் குழிகள் நிறைந்திருந்தால், இரும்பு உருக்கியபோது கழிந்த கசடு அது. கொங்குப் பகுதியில் பழைய இரும்பு உலைகள் இருந்த இடங்களில் இப்படிப்பட்ட கசடு நிறையக் கிடக்கிறது. விண்கற்களில் இப்படிக் குமிழ் நிறைந்திருப்பது மிக மிக அரிது.

கருங்கல்லுக்குள் மாதுளை முத்து போலச் சிவந்த உருண்டைகள் இருந்தால் அவை கார்னெட். செம்புறாங்கல் துளை துளையாக இருக்கும், மெருகேறாது. சுக்கான் கல் வினிகரில் நுரைக்கும், உருட்டினால் சேறாகிவிடும்.

மெஷினில் போடுவதற்கு முன்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

1863 மே 30 அன்று ஆங்கிலேய நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். மனிதக் கை செதுக்கிய கற்கருவி அது. இந்தியாவில் பழைய கற்கால ஆய்வே அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்கியது. அதே ஆண்டில் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன. அங்கே பிற்காலத்தில் நடந்த அகழாய்வில் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமை உடைய கருவிகள் இருப்பது உறுதியானது.

இந்தக் கருவிகள் பெரும்பாலும் குவார்ட்சைட் என்ற கல்லால் ஆனவை. மணற்கல் பூமிக்குள் அழுந்திச் சூடேறி இறுகியதுதான் குவார்ட்சைட்; கடினத்தில் குவார்ட்ஸுக்கு இணை. மெருகேற்ற மிகவும் ஏற்ற கல் என்பதால்தான் கவலையாக இருக்கிறது. கையளவு கல், இரண்டு பக்கமும் சில்லுச் சில்லாகப் பெயர்த்த தடம், அந்தத் தடங்கள் சந்திக்கும் ஓரத்தில் ஒரு விளிம்பு என்று தெரிந்தால் அதைக் கழுவக்கூட வேண்டாம். கிடந்த இடத்தோடு படம் எடுத்துவிட்டு, மாவட்டத் தொல்லியல் அலுவலரிடமோ அருகிலுள்ள அருங்காட்சியகத்திலோ காட்டுங்கள். ஒரு வாரம் உருட்டினால் அந்தத் தடம் முழுவதும் அழிந்துபோகும், அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

மரம் போல ரேகை ஓடும் கல்லும் அப்படித்தான். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையான கல்மரங்கள் பாதுகாக்கப்பட்டுள்ளன. அங்கிருந்து ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது. பொதுவாகவே, ஆற்றுப் படுகையையும் காட்டையும் விட்டுவிட்டுச் சொந்த இடத்துக் கல்லோடு நின்றுகொள்வது நல்லது.

பளபளப்பு என்பது என்ன

ஒரு தச்சர் பலகையை இழைப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் 80 எண் உப்புத்தாளால் தேய்ப்பார். ரம்பத்தின் தடம் போகும், ஆனால் உப்புத்தாளின் கீறல் விழும். அந்தக் கீறலைப் போக்க 120. 120-இன் கீறலைப் போக்க 220. ஒவ்வொரு தாளும் முந்தைய கீறலை எடுத்துவிட்டு அதைவிட மெல்லிய தன் கீறலைப் போட்டுவிட்டுப் போகிறது. தேய்ப்பது ஒருபோதும் கீறலை ஒழிப்பதில்லை, சிறிதாக்குகிறது. கல்லிலும் இதுவேதான் நடக்கிறது.

எவ்வளவு சிறிதானால் கண்ணுக்குப் பளபளப்பாகும்? அதைத் தீர்மானிப்பது ஒளி. நாம் காணும் ஒளியின் அலைநீளம் சராசரியாக ஒரு மில்லிமீட்டரில் 2000-இல் ஒரு பங்கு. மேற்பரப்பின் மேடுபள்ளம் இதைவிடப் பெரிதாக இருந்தால் ஒளி நாலாபக்கமும் சிதறும், கல் மங்கித் தெரியும். இதைவிடச் சிறிதானால் ஒளி ஒரே திசையில் திரும்பும், டியூப்லைட்டின் உருவமே கல்லில் தெரியும்.

மழையில் நனைந்த கல் அழகாக இருப்பதன் காரணமும் இதுதான். தண்ணீர் பள்ளங்களை நிரப்பி மேற்பரப்பைத் தற்காலிகமாகச் சமமாக்குகிறது. சிதறல் குறைகிறது, உள்ளே இருக்கும் நிறம் வெளியே வருகிறது. ஆகவே மெருகேறிய பிறகு கல் எப்படி இருக்கும் என்று அறிய ஆசைப்பட்டால், இப்போதே தண்ணீரில் முக்கிப் பாருங்கள்.

ஆறு உருட்டியும் ஏன் மினுங்கவில்லை

ஆறு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் உருட்டியும் கூழாங்கல் வழவழப்பாகிறதே தவிர, காய்ந்தால் மினுங்குவதில்லை. ஆற்றில் பருமணலும் பொடிமணலும் வண்டலும் எப்போதும் கலந்தே இருக்கின்றன. நுண்ணிய துகள் தேய்த்துச் சீராக்கிய இடத்தைப் பருமணல் மீண்டும் கீறிவிடுகிறது. தச்சர் 80 எண் தாளையும் 400 எண் தாளையும் மாற்றி மாற்றித் தேய்த்தால் என்ன ஆகுமோ அதுதான்.

உருட்டும் மெஷின் ஆறு செய்யாத ஒன்றைச் செய்கிறது. அளவுகளைப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தருகிறது.

மெஷின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சின்ன மோட்டார், சுழலும் இரண்டு தண்டுகள், அவற்றின்மேல் படுத்தபடி உருளும் ரப்பர் டிரம். டிரம்முக்குள் கல், தண்ணீர், தேய்ப்புத்தூள். தேய்ப்புத்தூள் பெரும்பாலும் சிலிக்கன் கார்பைடு. நம் ஹார்டுவேர் கடைகளில் கார்போரண்டம் என்றால் புரிந்துகொள்வார்கள். மோஸ் வரிசையில் 9-ஐத் தாண்டியது, அதனால் 7-ல் இருக்கும் குவார்ட்ஸை அறுக்கும். தூளுக்கு ஓர் எண் இருக்கும். ஓர் அங்குலத்துக்கு எத்தனை துளை உள்ள சல்லடையில் சலித்தது என்பதே அந்த எண். எண் கூடினால் தூள் பொடியாகும்.

டிரம் சுழலும்போது கற்கள் சுவரோடு கொஞ்ச தூரம் ஏறி, மேலடுக்கு மட்டும் சரிந்து இறங்கும். தேய்மானம் நடப்பது அந்தச் சரிவில்தான். டிரம் நிரம்பி வழிந்தால் சரிய இடமிருக்காது. பாதிக்கும் குறைவாக இருந்தால் கற்கள் சரியாமல் விழுந்து மோதும். மோதினால் சில்லு தெறிக்கும். மூன்றில் இரண்டு பங்கிலிருந்து முக்கால் வரை நிரப்புவது சரியான அளவு. பெரிதும் சிறிதுமாகக் கலந்து போட்டால் இடுக்குகளிலும் தூள் போய்ச் சேரும்.

சுருக்கமாக: பளபளப்பு என்பது ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிதான கீறல், அங்கே போய்ச் சேரக் கீறலைப் படிப்படியாகச் சிறிதாக்க வேண்டும், மெஷின் அந்தப் படிகளைக் கலக்காமல் வைத்துக்கொள்ள உதவுகிறது.

நான்கு கட்டங்கள்

முதல் கட்டம் 60/90 எண் தூள். ஒரு கிலோ கல்லுக்கு நாலு மேசைக்கரண்டி போல. தண்ணீர் மேல்வரிசைக் கற்களுக்குச் சற்றுக் கீழே நிற்கட்டும். இரவும் பகலும் ஒரு வாரம் ஓட வேண்டும். சத்தம் வரும், அதனால் பின்கட்டிலோ மாடிப்படிக்குக் கீழோ வையுங்கள். கல் உருவம் பெறுவது இங்கேதான். எடையில் கணிசமான பகுதி இங்கே கரைந்துபோகும். வாரம் முடிந்ததும் ஒவ்வொரு கல்லையும் கழுவிப் பாருங்கள். பள்ளமோ விரிசலோ மிஞ்சிய கற்களைப் புதுத் தூளோடு இன்னொரு வாரம் அதே கட்டத்தில் ஓட்டுங்கள். அடுத்தடுத்த கட்டங்களுக்கு ஆழமான குழியை எடுக்கும் வலு கிடையாது. இங்கே விட்டது கடைசிவரை இருக்கும். தொடங்குகிறவர்கள் பொறுமை இழப்பது இந்த இடத்தில்தான், ஆனால் பொறுமை பலன் தருவதும் இங்கேதான்.

இரண்டாவது 120/220, மூன்றாவது 500, ஒவ்வொன்றும் ஒரு வாரம். மூன்றாவது முடிந்து காய்ந்த கல் பட்டுப்போல இருக்கும், ஆனால் மினுங்காது. நான்காவதுதான் மெருகு. இதற்கு அலுமினியம் ஆக்சைடு அல்லது சீரியம் ஆக்சைடு பொடி. இந்தக் கட்டத்தில் கற்கள் ஒன்றையொன்று இடிக்காமல் இருக்க, பிளாஸ்டிக் குருணை கலப்பது நல்லது. மொத்தம் ஒரு மாதம் ஆகிவிடும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே செய்யும் கழுவல்தான் மெருகைத் தீர்மானிக்கிறது. கற்களையும் டிரம்மையும் மூடியின் இடுக்கையும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். 60 எண் தூளில் ஒரு சில மணிகள் மெருகுக் கட்டத்துக்குத் தப்பி வந்தாலும், பருமணல் மீண்டும் மீண்டும் கீறிய ஆற்றின் கதைதான். வசதி இருந்தால் மெருகுக் கட்டத்துக்குத் தனி டிரம் வைத்துக்கொள்ளலாம்.

கழுவிய சேற்றை ஒருபோதும் சாக்கடைக் குழாயில் ஊற்றாதீர்கள். சிமெண்ட் போல இறுகிக் குழாயை அடைத்துவிடும். தோட்டத்து ஓரம் குழி வெட்டி ஊற்றுங்கள். கரண்ட் போய் சிறிது நேரம் மெஷின் நின்றால் பயமில்லை. ஓரிரு நாள் நின்றால் சேறு அடியில் கட்டிவிடும், திறந்து கழுவிவிட்டுத் தொடங்குங்கள். சில கற்கள் வாயு விடும், மூடி உப்பும். தினம் ஒருமுறை திறந்து மூடினால் போதும்.

கல்லை உடைக்க வேண்டியிருந்தால் துணியில் சுற்றி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து உடையுங்கள். காய்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. குவார்ட்ஸ் தூசி நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் என்ற நோய் வரும், அதற்கு முழுக் குணம் இல்லை. ஈரமாக வேலை செய்தால் தூசி எழாது.

எந்தக் கல் சரிவரும், எது வராது

இப்போது முதலில் கேட்ட கேள்விக்குத் திரும்பலாம். குவார்ட்ஸும் குவார்ட்சைட்டும் கல் முழுக்க ஒரே கடினம். நான்கு கட்டங்களையும் தாங்கி நன்றாக மினுங்கும். ஆனால் வெங்கச்சங்கல்லில் உள்விரிசல் அதிகம். நனைத்துவிட்டு விளக்குக்கு எதிரே பிடித்து, விரிசல் ஓடாத துண்டாகப் பொறுக்குங்கள்.

கருங்கல்லும் சார்னகைட்டும் பாதி வெற்றிதான் தரும். ஒரே கல்லில் 7-ம் 6-ம் 3-ம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், மென்மையானது முதலில் தேய்ந்து குழியாகிவிடும். காக்காப்பொன் நிறைந்த கல் கடைசிவரை புள்ளி புள்ளியாகவே நிற்கும். அப்படியானால் கிரானைட் மேடை மட்டும் எப்படிக் கண்ணாடி போல இருக்கிறது? அங்கே தட்டையான தகடு எல்லா மணிகளையும் ஒரே மட்டத்தில் அழுத்தித் தேய்க்கிறது. டிரம்மில் அந்த மட்டம் கிடையாது. தளர்வான தூள் மென்மையான இடத்தைத் தேடிப் போய்த் தோண்டும்.

ஃபெல்ட்ஸ்பார் பிளவுத் தளத்தில் உரிந்துகொண்டே இருக்கும். கால்சைட்டும் மேக்னசைட்டும் குவார்ட்ஸோடு சேர்ந்து உருண்டால் ஒரு வாரத்தில் சின்னதாகிப் போகும். அதனால் ஒரே கடினம் உள்ளவற்றையே ஒன்றாகப் போடுங்கள். மேலே சொன்ன கத்திச் சோதனை இங்கேதான் காசை மிச்சம் பண்ணுகிறது.

மெஷின் வாங்குவதற்கு முன்

ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வில் பச்சைக்கல், செவ்வந்திக்கல், குவார்ட்ஸ், கார்னெட் மணிகள் கிடைத்தன. முடிந்தவையும் பாதியில் விட்டவையுமாகப் பல நிலைகளில் அவை இருந்தன. 2000 ஆண்டுகளுக்கு முன் அங்கே மோட்டார் கிடையாது. கல்லைவிடக் கடினமான தூளும் கைவேலையும் போதுமானவையாக இருந்தன.

உங்களுக்கும் போதும். பெயிண்ட் கடையில் வாட்டர் பேப்பர் என்று கேளுங்கள். கார் பெயிண்ட் வேலைக்கு ஈரத்தில் தேய்க்கும் தாள் அது, அதில் ஒட்டியிருப்பதும் சிலிக்கன் கார்பைடுதான். 120, 220, 400, 800, 1200, 2000 என்று ஒவ்வொரு தாள் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் கல்லாகக் கால்சைட்டையோ சுண்ணாம்புக்கல்லையோ எடுங்கள், ஏனென்றால் மென்மையானது என்பதால் ஒரு மாலையில் முடிந்துவிடும்; குவார்ட்ஸைக் கையால் தேய்க்கப் பல நாள் பிடிக்கும். தாளை ஒரு பழைய டைலின்மேல் விரித்து, தண்ணீர் தெளித்து, கல்லின் ஒரே முகத்தை மட்டும் தேயுங்கள். ஒவ்வொரு எண் மாறும்போதும் தேய்க்கும் திசையைக் குறுக்காக மாற்றுங்கள். முந்தைய கீறல்கள் வேறு திசையில் ஓடுவதால், அவை முழுவதும் மறைந்துவிட்டனவா என்று எளிதாகத் தெரியும். மறையும்வரை அடுத்த தாளுக்குப் போகக் கூடாது. 2000 முடிந்ததும் ஈரத்துணியில் கொஞ்சம் சீரியம் ஆக்சைடோ அலுமினியம் ஆக்சைடோ தொட்டுத் துடையுங்கள். பிறகு கல்லை நன்றாகக் காயவிட்டு, பாதி முகத்தை மட்டும் நனைத்துப் பாருங்கள். ஈரப் பாதிக்கும் காய்ந்த பாதிக்கும் வித்தியாசம் தெரிந்தால் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. ஒரு படி பின்னால் போய் 1200-இலிருந்து மறுபடி தேயுங்கள்.